பாட்டின் உற்சவர்: மியூசிக் வீடியோ பற்றிச் சில குறிப்புகள்

மியூசிக் வீடியோவின் சரித்திரம் என்று எழுதப்பட்டு வருவது பெரும்பாலும் கருவிகளின் சரித்திரம்தான். முதலில் பிலிம் சுருள், பிறகு வீடியோ நாடா, பிறகு சாட்டிலைட், பிறகு கம்ப்யூட்டர், கடைசியில் சட்டைப்பையில் அடங்கும் டெலிபோன். இப்படி ஒரு படிக்கட்டைக் கட்டி, படிக்கு ஒரு பாட்டின் பெயரைப் பொறித்து வைத்துவிடுகிறார்கள். ஏறிவந்தவர்கள் யார், கீழ்ப்படியிலேயே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு இந்தச் சரித்திரத்தில் இடமில்லை. கருவிகளுக்குக் குலமும் நிறமும் கிடையாது என்பதால் கருவிகளைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது.

இந்தக் கலை (இதைக் கலை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் நம்மில் உண்டு, அவர்களுக்கு வாதம் செய்து புரியவைக்கும் உத்தேசம் எனக்கில்லை) பிறந்த காரணம் மிக எளிமையானது. பாடுகிறவனுக்கு ஓர் உடம்புதான் உண்டு. அது ஒரு சமயத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். இசைத்தட்டு அவன் குரலை மட்டும் வெளியூர் அனுப்பியது. உடம்பையும் அனுப்புவதற்குப் படம் வேண்டியிருந்தது. கர்ப்பக்கிருகத்தை விட்டு நகராத மூலவருக்காக உற்சவர் வீதிக்கு வருவது போல என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும். அந்த உவமையை எடுத்தால் அதன் மறுபாதியையும் சேர்த்தே எடுக்கவேண்டும். உற்சவர் எல்லாத் தெருவுக்கும் போவதில்லை. எந்த மூர்த்தி புறப்படும், எந்தத் தெருமுனையோடு திரும்பிவிடும் என்பதை முடிவு செய்கிறவன் சிற்பி இல்லை.

1929இல் அமெரிக்காவில் 'செயின்ட் லூயி ப்ளூஸ்' என்று இரண்டு ரீல் படம் ஒன்று வந்தது. சுமார் 16 நிமிஷம். பாடுகிறவர் பெஸ்ஸி ஸ்மித். 1937இல் சாலை விபத்தில் இறந்துபோன அந்தப் பெண்மணி பாடுவதைக் காட்டும் படம் உலகத்தில் இது ஒன்றுதான். காதலனால் உதறித் தள்ளப்பட்டு, மதுக்கடை மேஜையில் சாய்ந்து நின்று பாடுகிறார். எடுத்தவர் டட்லி மர்ஃபி. ஐந்து வருஷம் முன்னால், 1924இல், ஓவியர் ஃபெர்னான் லெஜேயோடு சேர்ந்து 'பாலே மெக்கானிக்' எடுத்த அதே மர்ஃபி. திரைப்படத்தில் நவீனத்துவத்தின் ஆரம்பம் பற்றிப் பேசும்போது நாம் மறக்காமல் உச்சரிக்கிற படம் அது. பெஸ்ஸி ஸ்மித்தின் படத்தை அந்த மூச்சில் யாரும் சொல்வதில்லை. யந்திர பாகங்களின் லயத்தைத் தேடிய காமிரா ஒரு கறுப்புப் பெண்ணின் தொண்டையில் அதைவிடப் பெரிய லயத்தைக் கண்டு நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதே 1929இல் மர்ஃபி ட்யூக் எலிங்டனை வைத்தும் 'பிளாக் அண்ட் டேன்' என்ற குறும்படம் எடுத்தார்.

அடுத்து வந்தது காசு போட்டால் படம் காட்டும் பெட்டி. சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி செய்த 'பனோரம்'. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மர அலமாரி. மேல்பாகத்தில் கண்ணாடித் திரை. உள்ளே 16 எம்.எம். புரொஜெக்டர், படத்தைத் திரும்பத் திரும்பப் பிரதிபலித்துப் பின்புறமிருந்து திரைக்கு அனுப்பும் கண்ணாடிகள். இதற்காகவே படங்களை இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். அவற்றைப் பிற்காலத்தில் சாதாரணத் திரையில் காட்டியபோது கடைப்பலகை எழுத்தெல்லாம் தலைகீழாக வாசிக்கவேண்டியதாயிற்று. பத்து சென்ட் போட்டால் மூன்று நிமிஷப் பாட்டு ஒன்று. இந்தப் படங்களுக்கு 'சவுண்டி' என்று பெயர். 1940 முதல் ஆறேழு வருஷங்களில் 1,800க்கு மேல் எடுத்துத் தள்ளினார்கள்.

பனோரத்தில் ஒரு குறை இருந்தது. வியாபாரிகளுக்கு அது குறை. ஒரு சுருளில் எட்டுப் பாட்டு இருக்கும்; எதைப் பார்ப்பது என்று காசு போடுகிறவன் தேர்ந்தெடுக்க முடியாது. சுருள் எங்கே நின்றிருக்கிறதோ அதற்கு அடுத்தது ஓடும். வெள்ளைக்கார வாத்தியக் கோஷ்டியை எதிர்பார்த்துக் காசு போட்டவன் முன்னால் ஃபாட்ஸ் வாலர் வந்து பியானோவில் உட்கார்ந்து புருவத்தை உயர்த்துவார். கிடாரும் கையுமாக ஸிஸ்டர் ரொஸெட்டா தார்ப் வருவார். லூயி ஜோர்டன், நாட் கிங் கோல், காப் காலவே, எலிங்டன். கறுப்புக் கலைஞர்களின் சவுண்டிகள் மட்டும் முந்நூறை ஒட்டி வரும். வாலர் 1943இல் இறந்துபோனார். நான்கு சவுண்டிகள் இருப்பதால் அவருடைய விரல்களையும் விழிகளையும் இன்றும் நாம் பார்க்கிறோம்.

சவுண்டியைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. அவற்றில் பாதி இன்று கூச்சப்படாமல் பார்க்க முடியாதவை. பருத்தி மூட்டை, கிழிந்த வைக்கோல் தொப்பி, கண்ணை உருட்டும் சோம்பேறி என்று வெள்ளைக்காரனின் கற்பனைக் கிடங்கிலிருந்த சாமான்களெல்லாம் செட்டில் இறக்கப்பட்டன. மர்ஃபி இங்கேயும் வருகிறார். 1941இல் அவர் எடுத்த 'லேஸிபோன்ஸ்' சவுண்டியில் வெள்ளைக்காரர் ஹோகி கார்மைக்கேல் பியானோவில் உட்கார்ந்து பாட, டாரதி டான்ட்ரிஜ் வேலைக்காரி உடுப்பில் வளையவருகிறார். வாசல் திறந்திருந்தது, ஆனால் பின்வாசல். என்றாலும் அதே டான்ட்ரிஜின் நடையில், கண்ணில், செட்டுக்காரன் எழுதிக்கொடுக்காத ஒன்று தப்பித்து வந்துவிடுகிறது. காமிராவின் விசுவாசம் முதலாளிக்கு மட்டுமல்ல என்பதற்கு இப்படிப் பல சாட்சிகள்.

இந்தக் குறையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1960இல் தீர்த்துவைத்தார்கள். 'ஸ்கோப்பிடோன்' என்ற அவர்களுடைய பெட்டியில் 36 படங்கள், வர்ணத்தில், வேண்டியதைப் பொத்தான் அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். க்ளோத் லெலூஷ் போன்ற பிற்காலப் பிரபலங்கள் இதற்குப் படமெடுத்துக் கை பழகினார்கள். நீச்சல் உடைப் பெண்கள், அர்த்தமில்லாத குதியாட்டம், அசட்டுச் சிவப்பு. ஸூஸன் ஸொன்டாக் 1964இல் 'காம்ப்' ரசனை பற்றி எழுதிய பிரசித்தமான குறிப்புகளில் ஸ்கோப்பிடோன் படங்களையும் ஓர் உதாரணமாகப் பட்டியலில் சேர்த்தார். அதோடு அறிவாளிகள் உலகில் அதன் கணக்கு முடிந்தது. முடியாத கணக்கு ஒன்று பாரீஸில் அல்ஜீரியக் கூலித் தொழிலாளர்களின் காபிக்கடைகளில் இருந்தது. பிரெஞ்சு இளைஞர்கள் தொலைக்காட்சிக்குப் போய்விட்ட பிறகும் அந்தக் கடைகளில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அரபியிலும் கபைல் மொழியிலும் பாட்டுக்கள் எடுத்து அதில் ஏற்றினார்கள். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தன் பாஷையையோ தன் ஊர் முகத்தையோ காணமுடியாத ஒருவன், ஷிப்ட் முடிந்து வந்து, நாணயம் போட்டு, மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு அறைக்குப் போவான். ஸொன்டாக்குக்கு வேடிக்கையாக இருந்த பெட்டி அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்காது.

நமக்குப் பாட்டைப் படமாகப் பார்ப்பது புதிதல்ல. 1931 'காளிதாஸ்' தொடங்கி நம் சினிமாவே பாட்டுச் சரடாகத்தான் இருந்திருக்கிறது. அந்தச் சரடிலிருந்து உதிர்த்தெடுத்த முத்துக்களைத்தான் தூர்தர்ஷன் 'ஒலியும் ஒளியும்' என்று வெள்ளிக்கிழமை தோறும் பரிமாறியது. ஆனால் நம் ஏற்பாடு வேறு. குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. மேற்கில் பாடியவனின் முகமேதான் ஊர்வலம் போகவேண்டும். ஆகவே அங்கே முகத்தின் நிறம் பிரச்னையாகிறது. நாம் இரண்டையும் பிரித்து வைத்து அந்தப் பிரச்னை எழாமலே பார்த்துக்கொண்டோம்.

அறுபதுகளின் நடுவில் பீட்டில்ஸ் வருகிறார்கள். எல்லா ஊர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் நேரில் போய் நிற்கச் சலித்துப்போய், 1966 மே மாதத்தில் 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெய்ன்' இரண்டுக்கும் மைக்கேல் லிண்ட்ஸே-ஹாக்கைக் கொண்டு படமெடுத்து அனுப்பினார்கள். அந்த ஆகஸ்டோடு கச்சேரிச் சுற்றுப்பயணமும் நின்றது. அடுத்த வருஷம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' படத்தில் வாயசைத்துப் பாடும் பாவனையே கைவிடப்பட்டது. மரம், உடைந்த பியானோ, பின்னோக்கி ஓடும் பிலிம். போகமுடியாத உடம்புக்குப் பதிலாக ஆரம்பித்தது, போகவிரும்பாத உடம்புக்குப் பதிலாக மாறிய கட்டம் இது. இல்லாமை ஒரு சலுகையாகிறது. வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1965இல், லண்டன் ஸவாய் ஓட்டலின் பின்சந்தில் பாப் டிலன் நின்றுகொண்டு தன் பாட்டின் வார்த்தைகள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாக வீசியெறிந்ததை பென்னிபேக்கர் படமெடுத்திருந்தார். 1967இல் வெளிவந்த அவருடைய ஆவணப்படத்தின் ஆரம்பமே அதுதான். டிலன் பாடுவதில்லை, வாயசைப்பதுமில்லை. அட்டையில் வேண்டுமென்றே பிழைகள். ஓரத்தில் அலன் கின்ஸ்பர்க் யாரோடோ பேசிக்கொண்டு நிற்கிறார், கடைக்கு வந்தவர் போல. கவிஞனுக்கு இந்தக் கலையில் கிடைத்த இடம் அவ்வளவுதான் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அது கௌரவமான இடமாகவே படுகிறது.

1975 நவம்பரில் குவீன் கோஷ்டி 'பொஹீமியன் ராப்ஸடி'க்கு எல்ஸ்ட்ரீயில் நான்கு மணி நேரத்தில் வீடியோ நாடாவில் எடுத்துமுடித்த படம், அந்தப் பாட்டு பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றதற்குத் துணைசெய்தது. இதற்குப் பிறகு பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம்தான் பின்னால் அமெரிக்காவில் எதிர்பாராத விளைவை உண்டாக்கியது.

1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு கழிந்து ஒரு நிமிஷம். எம்டிவி தொடங்கியது. முதல் பாட்டு பகிள்ஸ் கோஷ்டியின் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்'. அன்றைக்கு மன்ஹாட்டனில் அந்தச் சானல் கிடையாது. ஆரம்பித்தவர்களே ஆற்றைக் கடந்து நியூஜெர்ஸிக்குப் போய் ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்து பார்த்தார்கள். கேபிள் கம்பி முதலில் போய்ச் சேர்ந்தது பெருநகரங்களுக்கு அல்ல. புறநகர்களுக்கும் மத்தியமேற்குச் சிற்றூர்களுக்கும். வெள்ளைக்கார நடுத்தர வீடுகள். இருபத்துநான்கு மணி நேரத்தை நிரப்பப் படம் வேண்டும். கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தன. கையிருப்பு அதிகம் வைத்திருந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ஆக சொந்த ஊர்க் கறுப்பனின் பாட்டைக் காணாத அயோவா பையன் அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள் பாடுவதை நாள் பூராவும் பார்த்தான். அவர்களில் பலர் கறுப்பர்களின் இசையிலிருந்து கற்றவர்கள் என்பது இதில் இன்னொரு முடிச்சு.

கறுப்பர்கள் ஏன் இல்லை என்று கேட்டபோது சொல்லப்பட்ட பதில், இது 'ராக்' சானல் என்பது. வர்ணம் பார்க்கவில்லை, வகை பார்க்கிறோம். அமெரிக்க எஃப்.எம். ரேடியோ எழுபதுகளிலேயே கண்டுபிடித்து வைத்திருந்த மொழி இது. வகை என்ற சொல்லை நாம் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இலக்கியத்திலும்தான். ரிக் ஜேம்ஸின் படத்தை மறுத்தார்கள். அவர் வெளிப்படையாகவே சண்டை போட்டார். ஒன்றிரண்டு விதிவிலக்குகள் இருந்தன, விதிவிலக்குகள் எப்போதும் இருக்கும். 1983இல் டேவிட் போவியைப் பேட்டி காண வந்த எம்டிவி அறிவிப்பாளரை, போவியே திருப்பிக் கேள்வி கேட்டார்: கறுப்புக் கலைஞர்கள் ஏன் இத்தனை குறைவு, வந்தாலும் ஏன் அர்த்தராத்திரிக்குப் பிறகு? அறிவிப்பாளர் மத்தியமேற்கின் ஏதோ ஓர் ஊரைச் சொல்லி, அங்குள்ளவர்கள் பயந்துவிடுவார்கள் என்கிற மாதிரி பதில் சொன்னார். போவி கோபப்படவில்லை, மேலும் மேலும் மரியாதையாகக் கேட்கிறார். அந்தப் பேட்டி இன்றும் கிடைக்கிறது. தெருக்காரர்கள் ஒப்பமாட்டார்கள் என்று சொல்லித் தேரைத் திருப்புகிறவர்களின் குரல் எந்த பாஷையிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

அந்த மார்ச்சில் மைக்கேல் ஜாக்ஸனின் 'பில்லி ஜீன்' எம்டிவியில் ஏறியது. சிபிஎஸ் கம்பெனியின் தலைவர் தங்கள் படங்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டியதால்தான் என்பது ஒரு கதை. எம்டிவிக்காரர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். கதவு எப்படித் திறந்தது என்பதைவிட எந்தப் படம் உள்ளே போயிற்று என்பது எனக்கு முக்கியம். ஸ்டீவ் பாரன் எடுத்தது. ஜாக்ஸன் நடக்கிறார், கால் பட்ட நடைபாதைக் கற்கள் ஒளிர்கின்றன. ஒரு போட்டோக்காரன் அவரைப் பின்தொடர்கிறான். அவன் எடுக்கும் போட்டோவில் ஜாக்ஸன் விழுவதில்லை. எதிரே நிற்கிற மனிதன், கழுவிவந்த படத்தில் இல்லை. பாரன் இதையெல்லாம் உத்தேசித்து எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. உத்தேசம் இங்கே அவசியமுமில்லை. காமிராவுக்கு அகப்படாத ஒரு கறுப்பு உடம்பைப் பற்றிய படம்தான், கறுப்பு உடம்புகளை அனுமதிக்காத திரையை முதலில் உடைத்தது. இதைப் படிமம் என்று சொல்ல நமக்குத் தயக்கம் ஏன்? கவிதையில் வந்தால் மட்டும்தான் படிமமா?

டிசம்பரில் 'த்ரில்லர்' வந்தது. ஜான் லாண்டிஸ் இயக்கம், பதினான்கு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. பிணங்களோடு ஆடுகிறார். 2009இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பெற்ற முதல் மியூசிக் வீடியோ அதுதான். தகுதியானதுதான், ஆனால் எனக்குப் 'பில்லி ஜீன்' போதும். 'த்ரில்ல'ரில் பணம் தெரிகிறது. அதற்குப் பின் வந்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களைக் கருவிச் சரித்திரக்காரர்களுக்கே விட்டுவிடலாம். 'டேக் ஆன் மீ'யில் பென்ஸில் கோடுகள் உயிர்பெற்றன, 'ஸ்லெட்ஜ்ஹாமர்' படத்தில் பழங்கள் முகமாயின. 1992 இறுதியில் எம்டிவி இயக்குநர் பெயரையும் போட ஆரம்பித்தது. 1995இல் ஜாக்ஸன், தங்கை ஜானெட்டோடு தோன்றிய 'ஸ்க்ரீம்' படத்துக்கு எழுபது லட்சம் டாலர் செலவு என்று விளம்பரம் செய்தார்கள்.

பணம் இல்லாதவர்கள் பக்கம் நடந்தது இதைவிட சுவாரஸ்யமானது. 1983இல் நியூயார்க் நகராட்சிக்குச் சொந்தமான ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ரால்ஃப் மக்டானியல்ஸ் என்பவர் 'வீடியோ மியூசிக் பாக்ஸ்' தொடங்கினார். கேபிள் வேண்டாம், சந்தா வேண்டாம், வீட்டு ஆண்டெனாவே போதும். ஹிப் ஹாப் பாடிய பையன்கள் தங்கள் தெருவை, தங்கள் சுவரை, தங்கள் கூட்டாளிகளைத் திரையில் கண்டது அதில்தான். எம்டிவி ஐந்து வருஷம் கழித்து, 1988 ஆகஸ்டில், 'யோ! எம்டிவி ராப்ஸ்' ஆரம்பித்தது. ஆரம்பித்ததும் ஜனங்கள் குவிந்தார்கள். பயந்துவிடுவார்கள் என்று சொல்லப்பட்ட மத்தியமேற்குப் பையன்கள்தான் குவிந்தவர்களில் கணிசமானவர்கள்.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். 2003இல் மார்க் ரொமானெக் - அதே எழுபது லட்சம் டாலர் 'ஸ்க்ரீ'மை எடுத்தவர் - ஜானி காஷைப் படமெடுத்தார். 'ஹர்ட்', மூலத்தில் நைன் இன்ச் நெயில்ஸ் கோஷ்டியின் பாட்டு. காஷுக்கு வயது 71. அவருடைய நினைவுப் பொருட்களை வைத்திருந்த, பூட்டிப்போன மியூஸியத்திலும் சொந்த வீட்டிலும் எடுத்தது. நடுங்கும் கை, மேஜை நிறையப் பழங்களும் இறைச்சியும், இடையிடையே அவருடைய வாலிபகாலப் படங்கள். படிக்கட்டில் நின்று மனைவி ஜூன் பார்த்துக்கொண்டிருக்கிறார். மே மாதம் அவர் இறந்தார், செப்டம்பரில் இவர். உடம்புக்குப் பதிலாக அனுப்புவதற்கென்று ஏற்பட்ட ஒரு சாதனம், உடம்பு விடைபெறுவதையே அனுப்பியது. விளம்பரப்படம் என்ற பிறவித் தோஷத்தை இந்தக் கலை கழித்துக்கொண்ட சில தருணங்களில் இது ஒன்று.

பாட்டுக்குப் படம் காட்டுவது கேட்பவனின் கற்பனையைக் கொன்றுவிடுகிறது என்று ஒரு புலம்பல் நம் நண்பர்களிடமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவன் சுதந்திரமாகக் கற்பனை செய்கிறான் என்பது இதன் அடியிலுள்ள நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கண்ணை மூடிக்கொண்ட அயோவா பையன் கறுப்பனின் குரலுக்குத் தனக்குச் சௌகரியமான ஒரு முகத்தைப் பொருத்திக்கொண்டிருப்பான். முகம் தெரிவது சில சமயம் கற்பனைக்கு நல்லது.

2005இல் யூட்யூப் வந்ததோடு வாசற்காவல் தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். யாரும் ஏற்றலாம், யாரும் பார்க்கலாம். தென்கொரியாவின் ஸை பாடிய 'கங்னம் ஸ்டைல்' 2012 டிசம்பரில் நூறு கோடி பார்வையைத் தாண்டியது. இரண்டு வருஷம் கழித்து எண்ணிக்கை 214,74,83,647ஐ நெருங்கியபோது கணக்குக் கட்டம் போதவில்லை, கட்டத்தை அகலப்படுத்தினார்கள். பகலெல்லாம் பேரேட்டோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் இந்தச் செய்தி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எண்ணிக்கை எல்லோருக்கும் பொது என்பதாலேயே அட்டைப்படமும் பொதுவாகிவிடாது.

2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில், அமித் கிருஷ்ணன் இயக்கத்தில், தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. சினிமாவைச் சாராத ஒரு தமிழ்ப் பாட்டு, பாடியவர்களின் முகத்தோடேயே கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச்சேர்ந்தது. வரிகள் அறிவுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தன் பாட்டியின் வாழ்விலிருந்து எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். படத்தில் முன்னோர்களின் மண்ணும் மரமும் பறையும் சிம்மாசனத்துக்குரிய கம்பீரத்தோடு வருகின்றன. நம் ஏற்பாட்டில் குரலையும் முகத்தையும் பிரித்து வைத்திருந்த முடிச்சு அவிழ்ந்த சந்தர்ப்பம் என்று நான் இதைக் கருதினேன். ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டை முன்னிட்டு ஓர் அட்டைப்படம் வெளியிட்டது. அதில் தீ இருந்தார்; கனடாவிலிருந்து பாடும் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், வேறு பலரும் கேட்டார்கள். பிறகு அறிவின் முகத்தோடு ஓர் இணைய அட்டை தனியாக வந்தது.